சம்பந்தி காவலிருந்த கேக்

மூடியின் மேல் தணலைப் பரப்பிய பிறகு கொல்லைப் பக்கம் யாரும் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது. என் மாமியார் போட்ட சட்டம் அது. உள்ளே கேக் எழும்பிக்கொண்டிருக்கும்போது தரை அதிர்ந்தால் நடுவில் குழி விழுந்துவிடும் என்பார். கோழிகளைக்கூட அன்றைக்குக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவோம்.

அப்படி வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழி முற்பகலில், வில்லியனூர் சாலையில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. மாமனார் வேலிப் படலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"லூசி, சம்மந்தி வர்றாரு" என்றார் என்னிடம்.

"எங்கப்பாவா மாமா?" என்றேன், ஒரு நப்பாசையில்.

"உங்கப்பா வந்தா நான் ஏன்மா பயப்படறேன்? ஏட்டய்யா வர்றாரு."

என் கையில் இருந்த இடுக்கி தானாகக் கீழே இறங்கியது. ஏட்டய்யா என்பவர் என் நாத்தனார் மதலேனின் மாமனார். வெறும் ஏட்டு இல்லை, மதராஸ் ராஜ்யத்தின் மதுவிலக்குப் போலீசில் ஏட்டு. எங்கள் கொல்லையில் வெந்துகொண்டிருந்ததோ, நவம்பர் தொடக்கத்துக் கல்லறைத் திருநாளில் இருந்து ரம்மில் ஊறிய பழத்தைப் போட்ட கிறிஸ்துமஸ் கேக்.

அண்டாவே அடுப்பு

ஏட்டய்யா சாலையில் இருந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடுகிறேன். அவர் நிதானமாக நடப்பவர், நமக்கு நேரம் இருக்கிறது.

போன வாரம் எங்கள் எருமை என்னை உதைத்த கதையை எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் "கேக் சுட்ட அன்று" என்று ஒரு வரி வந்துவிட்டது. மண் சுவர் வீட்டில் ஏதம்மா கேக் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். புதுச்சேரி டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கே கல்யாணமாகி மூலக்குளம் வந்தபோது அதே சந்தேகம் இருந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டவுனில் நாங்கள் யாரும் கேக் சுட்டதே இல்லை. கலப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. வறுத்த ரவை, வெண்ணெய், முட்டை, சர்க்கரை, முந்திரி, ஊறிய பழம் எல்லாவற்றையும் சேர்த்து அடித்துத் தகரத்தில் ஊற்றி, துணியால் மூடி, ரொட்டிக் கடைக்கு எடுத்துப் போவோம். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் அவர்கள் சுட்டுக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் இந்த ரவைக் கேக்குக்கு விவிக்கம் என்று பெயர்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ரொட்டிக் கடை வாசலில் தகரங்கள் வரிசை கட்டி நிற்கும். அடையாளத்துக்கு ஒவ்வொரு வீடும் ஒரு கலர்த் துணி கட்டிவிடும். ஒரு வருஷம் எங்கள் நீலத் துணியும் பின் தெரு வீட்டு நீலத் துணியும் மாறிப்போய், அவர்கள் கேக் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என் அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வந்த கேக் எங்களுடையதைவிட நன்றாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூலக்குளம் அப்போது வயலும் தென்னந்தோப்புமாக இருந்தது. ரொட்டியே மாமாவின் சைக்கிளில்தான் வரும். மாமாவும் என் வீட்டுக்காரரும் டவுனில் பஞ்சாலைத் தொழிலாளிகள். ஷிப்டு முடிந்து வரும்போது கைப்பிடியில் தொங்கவிட்டுக் கொண்டுவருவார்கள். அந்த ஊரில் கேக் எப்படி என்று நான் கேட்டதற்கு அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாவு கலக்கத் தெரியும், சுடத் தெரியாதா? அப்ப நீ பாதி கேக்குதான் கத்துக்கிட்டு வந்திருக்க."

அவர் சுட்ட விதம் இதுதான். கொல்லையில் மூன்று கல் வைத்துச் சவுக்கு விறகில் தீ மூட்டுவார். கல்லின் மேல் ஒரு பெரிய அண்டா. அதன் அடியில் ஆற்று மணல். மணலில் ஒரு செங்கல், செங்கல் மேல் கேக் தகரம். அண்டாவின் வாயை இரும்புத் தட்டால் மூடி, ஆவி போகாமல் சுற்றிலும் கோதுமை மாவுப் பசையை அப்பி அடைத்துவிடுவார். தட்டின் மேல் கொட்டாங்கச்சித் தணல். கீழே தீ, மேலே தீ, நடுவில் கேக். முதல் தடவை பார்த்தபோது இது கேக் ஆகாது, கரி ஆகும் என்று நினைத்தேன். ஆறிய பிறகு தின்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கடிகாரம் பார்த்துச் சுடுவது கிடையாது. வீட்டில் இருந்த ஒரே சுவர்க் கடிகாரம் அதன் இஷ்டத்துக்கு ஓடும். அத்தைக்குக் கணக்கு செபமாலைதான். அண்டாவின் முன்னால் உட்கார்ந்து நிதானமாக இரண்டு செபமாலை சொன்னால் அடி வேகும், மூன்றாவதில் மேல் சிவக்கும். தீ சரியில்லாத அன்று கூடுதலாக மாதா பிரார்த்தனையும் சேரும். பக்திக்குப் பக்தி, பதத்துக்குப் பதம்.

பஸ் மாறாமல் ராஜ்யம் மாறும்

இனி ரம் கதை. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஓரிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சுங்கச் சாவடிகள் போய்விட்டன. ஆனால் எங்கள் பக்கம் மது உண்டு, மதராஸ் பக்கம் மது கூடாது என்பது அப்படியே இருந்தது.

எங்கள் சாலையின் அழகு என்னவென்றால், வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலம் போனால் மதராஸ். கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி. அதையும் தாண்டி வளவனூர் போனால் மறுபடியும் மதராஸ். பஸ்ஸில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே இத்தனை ராஜ்யம் பார்த்துவிடலாம். ஆனால் கண்டமங்கலத்தில் போலீஸ் ஏறிப் பையைத் திறக்கச் சொல்லும்.

அந்த வளவனூரில்தான் மதலேனைக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பையன், அப்பா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். கோயிலில் நிச்சயம் செய்யும்போது எல்லாம் பொருந்தியது. சம்பந்தியின் உத்தியோகம் என்ன என்பதைப் பெண் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களைப் பொறுத்தவரை பழத்தில் ஊற்றுகிற ரம், மது என்கிற கணக்கிலேயே வராது. அது வெண்ணெய் மாதிரி, ரவை மாதிரி ஒரு சாமான். ஊறும் ஜாடியை அத்தை மாதா சுரூபத்தின் காலடியில்தான் வைத்திருப்பார், வேறு யாரும் தொடமாட்டார்கள் என்று.

மதலேன் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊரறிந்த வழக்கம். ஏட்டய்யா இழுத்தடித்தார்.

"அது குடிகார ஊரு. என் பேரப் புள்ள அங்க பொறக்க வேணாம். விழுப்புரத்துல ஆஸ்பத்திரி இருக்குது" என்று சொல்லியனுப்பியிருந்தார். எதற்கும் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் ஒரு வால் சேர்த்திருந்தார்.

ஏழாம் மாதம் முடியச் சில நாட்களே இருந்தன. எட்டில் பெண்ணை அழைத்து வரமாட்டார்கள். ஒன்பதில் அவள் உடம்பு எப்படி இருக்குமோ. அத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். சோறு பரிமாறும்போது மதலேனுக்கும் ஒரு தட்டு எடுத்துவிட்டு, திரும்ப அடுக்கி வைப்பார்.

மாமாதான் இந்த வருஷம் ரம் இல்லாமல் சுடலாம், சம்பந்தி வந்தாலும் வருவார் என்று யோசனை சொன்னார். மாமாவின் மனம் நோகக் கூடாதென்று அப்படி ஒன்று சுட்டும் பார்த்தோம். சர்க்கரை போட்ட உப்புமா. மாமாவே இரண்டாவது வாய்க்கு மேல் தின்னவில்லை. அதற்குப் பிறகுதான் ஜாடி திறந்தது.

ஏட்டய்யா கிறிஸ்துமஸ் கழித்துத்தான் வருவார் என்று நம்பியிருந்தோம். சோதனை போடுகிறவர் எந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்?

சாம்பிராணி

"என்ன பண்றது லூசி?" என்றார் மாமா. நான் பதில் சொல்வதற்குள் அவரே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். என் அண்டாத் தணலிலேயே இரண்டு துண்டு எடுத்துப் போட்டு, சாம்பிராணியை அள்ளித் தூவினார். வாசல், கூடம், மாதா சுரூபம், எருமைத் தொழுவம் ஒன்று விடாமல் புகை போட்டார். ரம் வாசனை போகவில்லை. அதற்குத் துணையாகச் சாம்பிராணி வாசனையும் சேர்ந்துகொண்டது.

படலைத் திறந்துகொண்டு ஏட்டய்யா உள்ளே வந்தார். அன்று காக்கி இல்லை. வேட்டி, சட்டை, தலையைச் சுற்றி மப்ளர். மீசை மட்டும் டியூட்டியில் இருந்தது.

"போன்ழூர், வாங்க சம்மந்தி" என்றார் மாமா. பயம் வந்தால் மாமாவுக்குப் பிரெஞ்சும் வந்துவிடும்.

ஏட்டய்யா வாசலிலேயே நின்று மூக்கை ஒரு முறை உயர்த்தினார். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லியே."

"பட்டப்பகல்ல சாம்பிராணி போட்டிருக்கீங்களே."

"கொசு."

"மார்கழி வெயில்ல கொசுவா?" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் சர்வீசுல ஒண்ணு கத்துக்கிட்டேன் சம்மந்தி. பகல்ல எந்த வீட்டுல சாம்பிராணி பொகையுதோ, அந்த வீட்டுலதான் மொதல்ல பூந்து பாப்போம். காய்ச்சறவன் அத்தினி பேரும் இதத்தான் பண்ணுவான்."

மாமா சிரிக்க முயன்றார். அது இருமலாக முடிந்தது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏட்டய்யா தண்ணீர் குடித்தார், காப்பி வேண்டாம் என்றார். "கை கால் கழுவணும்" என்று எழுந்து, கிணறு எங்கே என்று கேட்காமலே மூக்கு போன வழியில் கொல்லைக்கு நடந்தார்.

அத்தை அண்டாவின் முன்னால் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. மூன்று கல், மேலே வாய் அடைத்த அண்டா, சுற்றிலும் அப்பிய மாவு, கீழே தீ, காற்றில் ரம் வாசனை. ஏட்டய்யா சர்வீஸ் முழுக்கத் தடியால் அடித்து உடைத்தது சாராயம் காய்ச்சும் இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"என்னா சம்மந்தியம்மா இது?"

"கேக்குண்ணே."

"கேக்கா? தொறங்க, பாப்போம்."

"தொறக்க முடியாது."

மாமா கண்ணை மூடிக்கொண்டு "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார், யாரிடம் என்று தெரியவில்லை. இந்த மண்ணில் ஏட்டய்யாவுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் மதலேன் அவர் வீட்டில் இருந்தாள்.

அத்தை எழுந்திருக்கவில்லை. "இப்ப தொறந்தா அமுங்கிப் பூடும். இது மதலேனுக்குன்னு போட்டது. நீங்க பொண்ண அனுப்புனாலும் சரி, அனுப்பாட்டியும் சரி, அது பேரச் சொல்லிப் போட்டத நான் பாதில தொறக்கமாட்டேன். இன்னும் ஒரு செபமாலை பாக்கி இருக்குது. முடிச்சுட்டுத் தொறக்கறேன். அதுவரைக்கும் இங்கியே உக்காந்து பாத்துக்குங்க."

நான் அவருக்கு மருமகளாக வந்ததற்குப் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

மூன்றாவது செபமாலை

நான் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். ஏட்டய்யா அண்டாவுக்கு எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அத்தை சிலுவை அடையாளம் வரைந்து தொடங்கினார். ஒரு கத்தோலிக்க ஏட்டு, செபமாலைக்கு நடுவில் என்ன செய்ய முடியும்? மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கனத்த குரலில் ஒவ்வொரு செபத்துக்கும் மறுபாதி சொல்ல ஆரம்பித்தார். மாமாவும் மண்ணில் முழங்கால் போட்டார்.

அத்தை அன்று சொன்ன மாதிரி நிதானமாக எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. நான் தணலை இடுக்கியால் நகர்த்திக்கொண்டிருந்தேன். செபமாலையில் இரண்டு பத்து மணிகள் உருண்டிருக்கும், ஏட்டய்யா செபத்தை விடாமலே விரலை நீட்டி, மூடியின் ஒரு ஓரத்தைக் காட்டினார். அங்கே தணல் சாம்பல் பூத்துப் போயிருந்தது. நான் புதிதாக இரண்டு கொட்டாங்கச்சி வைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோப்பில் யாரோ விறகு பிளக்க ஆரம்பித்தார்கள். முதல் வெட்டிலேயே அண்டா மூடி லேசாக அதிர்ந்தது. அத்தையின் முகம் வெளுத்தது, செபத்தை நிறுத்தவும் முடியவில்லை. ஏட்டய்யா எழுந்தார். அத்தனை பெரிய ஆள், குதிகால் தரையில் படாமல் வேலி ஓரம் போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"யோவ், இங்க கேக்கு வேவுது. அப்பறமா பொளந்துக்க."

சத்தம் நின்றது. அவர் திரும்பி வந்து, விட்ட இடத்தில் இருந்து செபத்தைத் தொடர்ந்தார்.

செபமாலை முடிந்தது. அத்தை மூக்கை அண்டாப் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, மாதா பிரார்த்தனையும் ஆரம்பித்தார். எனக்குக் காரணம் புரிந்தது, ரவை வாசனை இன்னும் நெய் வாசனையாகத் திரும்பவில்லை. ஏட்டய்யாவுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அவர் அவசரப்படவே இல்லை.

விசாரணை

மாவுப் பசையைக் கத்தியால் கீறி, தணலோடு மூடியைத் தூக்கினேன். கேக் தகரத்தின் விளிம்புக்கு மேலே எழும்பி, நடுவில் ஒரு குழிகூட இல்லாமல் சிவந்து நின்றது. ஏட்டய்யா குனிந்தார்.

"ரம்மு."

"ஆமாண்ணே."

"எவ்ளோ?"

"பழம் முழுவற அளவு."

"எப்பலேருந்து?"

"கல்லறைத் திருநாள்லேருந்து."

"அதெல்லாம் சூட்டுல போயிடும் சம்மந்தி" என்றார் மாமா, ஈனக் குரலில்.

"போவாது. நான் மூக்க வெச்சுத்தான் பொழைக்கிறேன்" என்றார் ஏட்டய்யா.

சுட்ட கேக்கை ஆறாமல் வெட்டவே கூடாது என்பது அத்தையின் இன்னொரு சட்டம். அன்று அதை அவரே மீறினார். வாழை இலைத் துண்டில் ஒன்றை வைத்து நீட்டினார். ஏட்டய்யா நின்றபடியே ஊதி ஊதிச் சாப்பிட்டார். இலையை மறுபடி நீட்டினார். அத்தை இன்னொன்று வைத்தார். அதையும் முடித்து, விரலில் ஒட்டியிருந்த முந்திரித் தூளையும் விடவில்லை.

பிறகு முக்காலியில் உட்கார்ந்து, மப்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க மருமவ ஒரு மாசமா இந்தக் கேக்கப் பத்தித்தான் பேசுது. எங்கம்மா இந்நேரம் பழம் ஊற வெச்சிருக்கும், இந்நேரம் ரவ வறுத்திருக்கும்னு. சோறு எறங்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரி திட்டறா, போயி என்னான்னுதான் பாத்துட்டு வாங்கன்னு. அதான் வந்தேன்."

அத்தை அவசரமாக ஒரு முழு இலையை எடுத்துப் பெரிய துண்டாக வெட்டத் தொடங்கினார். ஏட்டய்யா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க கொண்டு போறது? கண்டமங்கலத்துல நிக்கறவன் என் ஆளு. பையத் தொறக்க வேணாம், மோந்து பாத்தாலே தெரியும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

அத்தையின் கை கத்தியோடு அப்படியே நின்றுவிட்டது.

"கேக்கு அங்க வர முடியாது சம்மந்தியம்மா. அதனால புள்ளைய இங்க அனுப்பறேன். நாளைக்குக் காலைல பையன் கூட்டிக்கிட்டு வருவான்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்த கையில் இருந்த சாம்பல் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. மாமாதான் கேட்டார், "எது வரைக்கும் சம்மந்தி?"

பிரசவம் முடியும் வரை என்று சொல்ல ஏட்டய்யாவின் மீசை இடம் கொடுக்கவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரி என்று அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாரே.

"கேக்கு தீர்ற வரைக்கும் இருக்கட்டும்."

புறப்படும்போது வெற்றிலை பாக்கு கேட்டு வாங்கி, வாய் சிவக்க மென்றுகொண்டே பஸ் ஏறினார். தன் ஆளே தன்னை மோந்துவிடுவான் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

மதலேன் மறுநாள் வந்து இறங்கினாள். அத்தை அவளை உட்கார வைத்துத் தின்னக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஜாடியில் புதிதாகப் பழம் போட்டார். கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. வெண்ணெய் எடுத்தும் முட்டை அடித்தும் எனக்குத் தோள்பட்டை கழன்றது. மாசியில் பையன் பிறந்தான், எங்கள் கூடத்திலேயே, சுகப் பிரசவமாக.

ஞானஸ்நானத்துக்கு ஏட்டய்யா மனைவியோடு வந்தார். பேரனை மடியில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் மூக்கை உயர்த்தி அத்தையிடம் கேட்டார்:

"இன்னுமா தீரல?"

அத்தை ஆவி பறக்கும் தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுண்ணே."